நீங்காப் பிணியும் நீங்கா ஊக்கமும்
(சுவாமி விவேகானந்தர் சரித்திரச் சுருக்கம்)

உடம்பெடுத்த உயிர்கட்குப் பிணி வருதல் இயல்பே. வந்த பிணி மருந்தினால் நீங்குதலும் உண்டு. நீங்காது உடம்போடு ஒட்டிநின்று ஆண்டுக்கணக்காக வருத்துதலும் உண்டு. முன்னையது ஒருவரது பொறுமையைச் சோதிப்பது. பின்னையதோ அவரது நம்பிக்கையையே சோதிப்பது. நாளை நலமாகும் என்று எண்ணி எண்ணிப் பல நாள் கழிந்தபின், இனி எதனை நம்பி எழுவது என்னும் வினா உள்ளத்தில் தோன்றுகின்றது.

கண்டி வாவிக்கரையினின்றும் தென்கிழக்கே மேடேறிச் செல்லும் வழியில் அம்பிட்டிய என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் வாழும் ஆசிரியர் ஒருவர் முதுகுத்தண்டு நோவினால் நெடுங்காலமாக வருந்துபவர். காலையில் மலைவழியே இறங்கிப் பாடசாலைக்குச் செல்லுதலும், பகல் முழுவதும் நின்று கற்பித்தலும், மாலையில் அவ்வழியே ஏறி மீளுதலும் அவர்க்கு நாடோறும் ஒரு தவமாகும். அவர் வகுப்பிலே திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தைக் கற்பிக்குங்கால் தம் உள்ளத்தெழுந்த ஓர் ஐயத்தை நம்மிடம் வெளியிட்டனர். நாயனாரை வருத்திய சூலை திருவதிகையிலே நீங்கிற்று. தாமும் நீறணிந்து வழிபட்டு வந்தும் தம் நோவு நீங்காமை தமது அன்பின் குறையாகுமோ என்பதும், நோயுற்ற மாணாக்கன் ஒருவன் இதனையே வினவின் அவனுக்கு யாது கூறுவது என்பதும் அவர் ஐயமாம்.

இவ்வையம் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆதலின், நீங்காப் பிணியோடு வாழ்ந்து பெருந்தொண்டு செய்த ஒரு பெரியாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம். அவர் சுவாமி விவேகானந்தர். அவர் வேதாந்தி, நாம் சித்தாந்திகள். அவ்வேறுபாட்டைப் பற்றிய ஆராய்ச்சி இவ்விடத்துக்கு வேண்டுவதன்று. அவரது வீரத்தையும் சொல்வன்மையையும் அறியாதார் இலர். கைகட்டி நிமிர்ந்து நிற்கும் அவரது திருவுருவப் படம் பாடசாலைகள் பலவற்றிலும் காணப்படுகின்றது. அப்படம் 1893-ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் எடுக்கப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அவ்வுடம்பு பட்ட பாட்டினை நினைப்பார் சிலரே.

பிறப்பும் ஆசிரியரும்

சுவாமிகள் 1863-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் விசுவநாத தத்தர் என்னும் வழக்கறிஞர். தாயார் புவனேசுவரி அம்மையார். ஆண்மகவு வேண்டிய அவ்வம்மையார் காசியில் எழுந்தருளியுள்ள வீரேசுவரப் பெருமானுக்கு வழிபாடு செய்வித்துப் பெற்ற பிள்ளையாதலின், முதலில் வீரேசுவரன் என்றே பெயரிட்டனர். நரேந்திரநாதன் என்பது பின்னர் வழங்கிய பெயர். சிறுவன் அடங்காது சினந்த வேளைகளில் தாயார் அவன் தலையிலே தண்ணீர் வார்த்துச் சிவநாமத்தை உச்சரிப்பார் என்றும், அவன் உடனே அமைதி எய்துவான் என்றும் சரித்திரம் எழுதினோர் கூறுவர். மற்போரும் நீச்சலும் பயின்று உரம்பெற்ற உடம்பும், இசைபயின்ற குரலும் உடையராய் அவர் வளர்ந்தனர்.

1884-ஆம் ஆண்டிலே தந்தையார் இறந்தனர். செல்வமாக இருந்த குடும்பம் கடனில் மூழ்கிற்று. பட்டப்படிப்பு முடித்த இளைஞர் வேலை தேடி வெறுவயிற்றோடு தெருத்தெருவாக அலைந்தனர். இத்துன்பக் காலத்தில் அவர்க்குப் பற்றுக்கோடாக இருந்தவர் தட்சிணேசுவரத்து இராமகிருஷ்ண பரமஹம்சர்.

அடுத்த ஆண்டிலே பரமஹம்சர்க்குத் தொண்டையிற் புற்றுநோய் கண்டது. சீடர்கள் அவரைக் காசிப்பூரில் ஒரு தோட்டவீட்டில் வைத்து இரவு பகலாகப் பணிவிடை செய்தனர். உணவு தொண்டையில் இறங்கவில்லை, பேசுதலும் வருத்தமாயிற்று. அந்நிலையிலும் வந்தவர்க்கு உபதேசித்தலையும், இளைஞரோடு நகையாடி மகிழ்தலையும் அவர் விட்டிலர். நோய் தணியுமாறு அன்னையை வேண்டிக்கொள்ளும்படி நரேந்திரர் பலகாலும் மன்றாடினார். சீடரது வற்புறுத்தலுக்கு இணங்கிப் பரமஹம்சர் ஒருமுறை அன்னையிடம் சிறிது உணவேனும் உட்கொள்ள அருளுமாறு கேட்டனர். அதற்கு அன்னை, அங்கிருந்த அன்பரெல்லாரையும் சுட்டி, அவர்தம் வாய்களெல்லாவற்றாலும் உண்பவர் அவரேயன்றோ என உணர்த்தியதாகவும், அதனால் தாம் நாணியதாகவும் அவர் சொன்னார். 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் பரமஹம்சர் உடம்பு நீத்தார். நோய் நீங்காமலே ஒருவர் நிறைவோடு வாழ்தல் கூடும் என்னும் பாடத்தை நரேந்திரர் தம் 23-ஆம் வயதிலே, நூலிற் படித்தன்று, நோயாளியின் படுக்கையருகே இருந்து கற்றனர்.

பின்னர் வந்த துறவு வாழ்விலே உண்டும் உண்ணாதும், உறங்கியும் உறங்காதும் அவர் கழித்த நாட்கள் மிகப்பல. வயிற்று நோவு அப்பொழுதே அவரைப் பற்றிற்று. 1890-ஆம் ஆண்டு இமயச்சாரலிலே ரிஷிகேசத்தில் கொடிய சுரத்தால் உயிர் போகும் நிலையை அடைந்து மீண்டனர்.

கண்டி வழியாக

1893-ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்துச் சர்வமத மகாசபையிலே பேசிப் புகழ்பெற்றபின், சுவாமிகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓய்வின்றி உழைத்தனர். தாய்நாட்டுக்கு மீள்பவர் 1897-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் கொழும்புத் துறையில் இறங்கினார். பொன்னம்பலம் குமாரசுவாமி அவர்கள் முதலாய பெரியோர் எதிர்கொண்டு மாலையிட்டு வரவேற்றனர். சுவாமிகளோடு வந்தவர்களுள் சேவியர் என்னும் ஆங்கிலேயரும் அவர்தம் மனைவியாரும் இருந்தனர்.

அம்மாதம் 19-ஆம் நாள் காலையிலே சுவாமிகள் புகையிரதத்திற் புறப்பட்டுக் கண்டிமாநகரை அடைந்தார். ஆலயக் கொடிகளோடும் வாத்தியங்களோடும் மக்கள் திரண்டு வரவேற்றுப் பத்திரம் வாசித்தளித்தனர். அதற்குச் சுருக்கமாக விடையிறுத்து, நகரின் சிறப்பிடங்களைப் பார்த்து, அன்றே மாத்தளைக்குச் சென்றனர். மறுநாள் குதிரைவண்டியிலே யாழ்ப்பாணம் நோக்கிப் பயணம். தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்திலே வண்டியின் முன்சக்கரம் ஒன்று உடைந்துபோயிற்று. மூன்று மணிநேரம் வழியிலே காத்திருந்து, பின்னர் மாட்டுவண்டிகளில் மெல்லமெல்ல நகர்ந்து, குறித்த நேரத்துக்கு எட்டு மணிநேரம் பிந்தி அநுராதபுரத்தை அடைந்தனர். வவுனியா வழியாக 24-ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடைந்தபொழுது, தீவட்டிகள் ஒளிர இந்துக் கல்லூரிக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டனர்.

நான்கு ஆண்டு உழைப்பினால் இளைத்த உடம்பொன்று மலைநாட்டையும் காட்டுவழியையும் இவ்வாறு கடந்தது என்பதை, அவ்வழியிலே இன்று வாழும் நாம் நினைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தினின்றும் கடல்கடந்து இராமேசுவரத்தை அடைந்த சுவாமிகள், 27-ஆம் நாள் அத்திருக்கோயிலிலே பிரசங்கித்தனர். சிவனைத் திருமேனியில் மட்டும் காண்பவனுடைய வழிபாடு தொடக்கநிலையது என்பதும், வறியோரிடத்தும் வலியிழந்தோரிடத்தும் பிணியாளரிடத்தும் சிவனைக் காண்பவனே உண்மையாக வழிபடுபவன் என்பதும் அப்பிரசங்கத்தின் சாரம். அதனைக் கேட்டோர், பிணியாளர் என்னும் அச்சொல்லுக்குள்ளே சொன்னவரும் விரைவில் அடங்குவார் என்பதை அறிந்திலர்.

நோயின் வரவு

கல்கத்தாவை அடைந்த சில வாரங்களிலே வைத்தியர்கள் அவர்க்கு நீரிழிவு நோய் இருத்தலைக் கண்டு, மூளையுழைப்பை அறவே விடுமாறு கூறி, டார்ஜிலிங் மலைக்கு அனுப்பினர். தந்தையார்க்கும் அந்நோய் இருந்தது. இன்சுலின் என்னும் மருந்து 1921-ஆம் ஆண்டிற்றான் கண்டறியப்பட்டது. ஆதலின் அக்காலத்தில் நீரிழிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் ஓய்வுமன்றி வேறு வழி இல்லை. முற்றும் நலமாவேன் என்று நம்புதற்கு இடமில்லாத நோய் அது. ஆயினும் அவ்வாண்டு மே மாதம் முதலாம் நாளிலேயே அவர் இராமகிருஷ்ண மிஷனை நிறுவினார்.

1898-ஆம் ஆண்டு மீண்டும் டார்ஜிலிங்கிலே ஓய்வுகொண்டிருந்தபொழுது கல்கத்தாவில் கொள்ளைநோய் தோன்றிய செய்தி எட்டிற்று. உடனே மலையினின்றும் இறங்கிவந்து, அஞ்சி ஓடும் மக்களுக்குத் தேறுதல் கூறி, நிவாரணப் பணிக்கு ஏற்பாடு செய்தார். பொருளுக்கு எங்கே போவது என்று வினவியவர்க்கு, மடத்துக்கென அப்பொழுதுதான் வாங்கிய நிலத்தையும் வேண்டுமாயின் விற்றுவிடலாம் என்றனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் காசுமீரத்து அமரநாதக் குகையை அடைந்தனர். உறைபனி சூழ்ந்த அவ்விடத்திலே நீராடி, நீறு பூசி, கோவணம் மட்டும் உடுத்துக் குகையினுட் புகுந்து, பனிலிங்கத் திருமேனியின்முன் வீழ்ந்து வணங்கினார். பெறற்கரிய சிவானுபவம் அங்கே அவர்க்குக் கிடைத்தது. பின்னர்ப் பார்த்த வைத்தியர், இதயம் நின்றுபோயிருக்கக்கூடும் என்றும், நில்லாது நிலையாக விரிவடைந்துவிட்டது என்றும் கூறினர். சிவதரிசனம் பெற்ற அந்நாளே அவர் உடம்புக்குப் புதியதோர் ஊனத்தையும் தந்த நாளாயிற்று.

அவ்வாண்டின் இறுதியிலே காற்றுமாற்றத்துக்காக வைத்தியநாதம் என்னும் தேவகரத்துக்குச் சென்றார். மருத்துவர் தலைவனாகவே சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் தலம் அது. அத்தலத்திலேதான் அவர்க்கு இரைப்புநோய் மிகக் கொடிதாகத் தாக்கிற்று. படுக்க இயலாது, தலையணையிற் சாய்ந்து நிமிர்ந்திருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் போராடினார். அருகிருந்தோர் உயிர் பிரிந்துவிடுமோ என்று அஞ்சினர். அப்போராட்டத்தின் நடுவிலும் தம் உள்ளே இறைவனது உண்மையைக் கூறும் ஒலி எழுந்தது என்று பின்னர் அவர் சொன்னார்.

அன்பர்களே, இதனை ஊன்றி நோக்குமின். அமரநாதத்திலே கண்ட பெருமானை அவர் மறந்திலர். வைத்தியநாதத்திலே நோய் நீங்கவும் இல்லை. ஆயினும் அவர் தம் அன்பு பொய்த்தது என்று எண்ணினாரல்லர். பெருமான் கைவிட்டனன் என்று கூறினாரும் அல்லர்.

தளர்ச்சியும் தெளிவும்

இவ்வாறு கூறுதலால் அவர் எந்நாளும் முகமலர்ந்தே இருந்தார் என்று கொள்ளற்க. சுரமும் துயிலின்மையும் இடுப்புப் பிடிப்பும் வந்து வந்து வருத்தின. மனந்தளர்ந்தும் சினந்தும் அவர் எழுதிய கடிதங்கள் உள. அவற்றைப் பிறர்க்கு மறைக்கவும் அவர் முயன்றிலர். தளர்ச்சி வருதல் இழுக்கன்று. அதிலே குடியிருத்தலே இழுக்கு. காலையில் இனி ஒன்றும் இயலாது என்று எழுதியவர், மாலையில் அடுத்த வேலைக்குத் திட்டம் வகுத்தல் அவரது இயல்பு.

இரண்டாமுறை மேனாடு சென்று 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டபொழுது, சேவியர் அவர்கள் இமயத்து மாயாவதி ஆச்சிரமத்தில் இறந்த செய்தியை அறிந்தனர். கண்டிக்கு உடன்வந்த அன்பர் அவர். கடும்பனிக்காலம், தமக்கோ இரைப்புநோய். எனினும் பனி பொழியும் மலைவழியே சென்று, 1901 ஜனவரித் தொடக்கத்தில் மாயாவதியை அடைந்து, அவ்வம்மையார்க்கு ஆறுதல் கூறினார். குளிரினால் நோய் முற்றிப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. ஆண்டும் கட்டுரைகள் எழுதினார். தன் துன்பத்தை மறத்தற்கு வழி, பிறர் துன்பத்தை நினைத்தலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மடத்தின் உடைமைகளைப் பொறுப்பாளர் பெயருக்கு எழுதிவைத்துத் தலைமையைச் சுவாமி பிரமானந்தரிடம் ஒப்புவித்தார். உடம்புக்கு இயலாததை விட்டு இயல்வதைப் பற்றிக்கொள்ளுதல் தோல்வியன்று, அறிவுடைமை என்பதை இதனால் அறியலாம்.

பேலூர் மடத்து நாட்கள்

1901-ஆம் ஆண்டின் இடைப்பகுதியிலிருந்து அவர் பெரும்பாலும் கங்கைக்கரையிலுள்ள பேலூர் மடத்திலே தங்கினார். கால்களில் நீர்கோத்து வீங்கின, நடத்தல் அரிதாயிற்று, வலக்கண் பார்வையும் குன்றிற்று. ஆயுர்வேத வைத்தியர் ஒருவர், உப்பையும் நீரையும் அறவே விலக்கிப் பாலையே உணவாகக் கொள்ளுமாறு பணித்தனர். கோடைக்காலத்திலே நீரருந்தாதிருத்தல் எத்துணை அரிது! சுவாமிகள் ஒரு குழந்தை போல அக்கட்டளைக்கு அடங்கினார். வைத்தியத்தை நாடுதல் இறைநம்பிக்கைக்கு மாறானது என்று அவர் கருதவில்லை.

அவ்விரதத்தின் நடுவிலே மடத்துக்குப் பிரித்தானியக் கலைக்களஞ்சியம் புதிதாக வாங்கப்பட்டது. அவற்றைப் படித்துமுடிக்க ஓர் ஆயுள் போதாது என்றனர் ஒரு சீடர். சுவாமிகளோ பத்துப் பகுதிகளை முடித்துப் பதினோராவதைப் படித்துக்கொண்டிருந்தனர். சீடர் அவற்றினின்றும் அங்குமிங்குமாக வினவ, எல்லாவற்றுக்கும் விடை கூறினார். உறக்கமும் நீரும் இல்லாத உடம்பிலே கற்கும் ஆசை மட்டும் குறையவில்லை.

மடத்திலே அவர்க்கு வேறொரு குடும்பமும் இருந்தது. பாகா என்னும் நாய், ஹன்சி என்னும் ஆடு, மட்ரு என்னும் ஆட்டுக்குட்டி, வாத்துகள் ஆகியன அவர்தம் தோழர். குட்டியின் கழுத்திலே மணிகட்டி அதனோடு ஓடி விளையாடினார். அஃது இறந்தபொழுது சிறுவர்போல வருந்தினார். உலகம் போற்றிய பேச்சாளர் ஒருவர் இவ்வாறு விளையாடுதலைச் சிறுமை என்று கொள்ளற்க. நெடுநோய் பெரிய இன்பங்களை எடுத்துக்கொள்ளுங்கால், சிறிய இன்பங்களை விடாது பிடித்துக்கொள்பவரே உயிர்த்துணிவை இழவாதவர்.

மடத்து நிலத்தைத் திருத்துதற்குச் சாந்தாலர் என்னும் பழங்குடி மக்கள் வந்து வேலை செய்தனர். சுவாமிகள் அவர்களோடு அமர்ந்து அவர்தம் இன்பதுன்பங்களைக் கேட்டிருப்பார். அவர் வறுமையைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பார். ஒருநாள் அவர்கட்கு விருந்து செய்ய விரும்பினார். பிறர் உப்பிட்டுச் சமைத்ததை அவர்கள் உண்ணார் என்று அறிந்து, உப்பின்றியே கறி சமைப்பித்து, பூரியும் தயிரும் இனிப்பும் படைத்து, அருகே நின்று உண்பித்தார். அவர்களை உண்பித்தது நாராயணனுக்கே படைத்ததாகும் என்று சீடர்க்கு உணர்த்தினார். இராமேசுவரத்திலே சொன்னதை, தாமே பிணியாளராகிய பின்னும் அவர் செய்து காட்டினார்.

இறுதி நாள்

1902-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் நாள் காலையிலே பூசையறையிற் சென்று மூன்று மணிநேரம் தனித்துத் தியானித்தார். நண்பகலில் மடத்தவரோடு ஒருங்கிருந்து உண்டார். பின்னர் இளந்துறவியரை அழைத்து ஏறக்குறைய மூன்று மணிநேரம் வடமொழி இலக்கணங் கற்பித்தார். இலக்கணம் என்றால் மாணாக்கர் சோர்தல் இயல்பு. அவரோ நகைச்சுவைக் கதைகளால் அதனை இனிதாக்கினார். மாலையிலே சுவாமி பிரேமானந்தரோடு இரண்டு மைல் தூரம் உலாவி, மடத்திலே வேதபாடசாலை ஒன்று அமைத்தல் பற்றிப் பேசினார். இரவு ஒன்பது மணிக்குச் சிறிது பின் அமைதியாக உடம்பு நீத்தார். அப்பொழுது வயது 39 ஆண்டும் 5 மாதமும் 22 நாளும்.

இறக்கும் நாளிலும் வகுப்பு நடந்தது. நாளை எழவேண்டிய பாடசாலை ஒன்றைப் பற்றிய பேச்சும் நடந்தது. ஆசிரியர்களாகிய நமக்கு இதனினும் சிறந்த செய்தி வேறில்லை.

அம்பிட்டிய அன்பர்க்கு

இனி, முதலிற் கூறிய ஐயத்துக்கு வருவோம். நோய் நீங்குதல் அன்பின் அளவைக் காட்டும் கருவியன்று. பரமஹம்சர்க்கு நீங்கவில்லை, அவர்தம் மாணாக்கர்க்கும் நீங்கவில்லை. நாவரசர் சரித்திரத்தைக் கற்பிக்குங்கால், சூலை நீங்கிய இடத்தோடு நாம் நின்றுவிடுகின்றோம். நோய் நீங்கிய நாயனார் உழவாரம் ஏந்தித் தளர்ந்த முதுமையளவும் திருக்கோயில் முற்றங்களைச் செதுக்கித் திருப்பணி செய்தனர். கயிலை காணச் சென்றபொழுது கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் நகர்ந்தனர். சூலை நீங்கியதனால் மட்டும் அவர் நாவரசராயினாரல்லர். உடம்பு எந்நிலையில் இருந்தபொழுதும் பணியை விடாமையாலேயே ஆயினார். மாணாக்கர்க்கு இப்பகுதியையும் அழுத்தமாகக் கற்பித்தல் நம் கடன். இன்றேல், நோயுற்ற பிள்ளை தன் வழிபாடு ஏற்கப்படவில்லை என்று எண்ணி உள்ளும் புறமும் ஒருங்கே வருந்தும்.

நாளை நோவு இராது என்பதே நம்பிக்கையாயின், ஒவ்வொரு காலையும் அதனைப் பொய்யாக்கிவிடும். நோவு இருப்பினும் இன்று செய்யத்தக்கது ஒன்று உண்டு என்பதே சுவாமிகள் வாழ்ந்து காட்டிய நம்பிக்கை. அதனை எந்நோயும் பொய்யாக்க இயலாது. வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். நிற்க இயலாத நாளில் இருந்து கற்பியுங்கள், அதற்கு நாணவேண்டா. சுமக்க இயலாத பொறுப்பை உடன்பணியாளரிடம் ஒப்புவியுங்கள். தளர்ந்த நாளில் தளர்ந்தேன் என்று அன்பர் ஒருவரிடம் சொல்லுங்கள். பிறகு, நாளைய பாடத்தை எடுத்து நோக்குங்கள்.

1897-ஆம் ஆண்டு ஜனவரியிலே கண்டியைக் கடந்து சென்ற வண்டி தம்புள்ளைக்கு அப்பால் சக்கரம் உடைந்து நின்றது, பயணம் நின்றுவிடவில்லை. மாட்டுவண்டியில் ஏறி, எட்டு மணிநேரம் பிந்தியேனும் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது. நோயாளரது வாழ்வும் இத்தகைய பயணமேயாம். பிந்துதல் குற்றமன்று. அம்பிட்டிய மலைவழியே நாடோறும் இறங்கியேறும் அன்பர்க்கும், அவர்போல் வருந்தும் ஆசிரியர் அனைவர்க்கும் எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.